1152 என்று இரண்டு

நான் எழுதிய ஒரு வரியால் என் வீட்டுக்காரர் ஒன்பது நாள் சாவுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்த அன்று நடந்ததை எழுதுகிறேன்.

பத்தாவதில் எனக்குக் கணக்குப் போய்விட்டது. திரும்ப எழுதவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பாரம் தூக்கும் சாமான்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் இடம். செயின், இரும்பு ரோப், நைலான் பெல்ட். கம்பெனிகள் கிரேனில் மாட்டித் தூக்குவது இவற்றில்தான். எங்களிடம் வரும். மிஷினில் இழுத்துப் பார்த்து, எத்தனை டன் வரை தூக்கலாம் என்று எழுதித் திருப்பி அனுப்புவோம். என் வேலை தகடு அடிப்பது. ஒரு அலுமினியத் துண்டில் நம்பர் பஞ்ச் என்ற எண் உளியை வைத்துச் சுத்தியால் அடித்து, சாமானில் கட்டிவிட வேண்டும்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் எழுத ஒருத்தர் வந்தார். பாதி எழுதிவிட்டு பெங்களூர் போய்விட்டார். அதில் தினமும் பதிவு போட்டுக்கொண்டிருந்தது நான். எங்கே எது நிற்கிறது என்று எனக்குத்தான் தெரியும். சார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நாலு வருஷம் ஆனது. தகடும் அடிப்பேன், புரோகிராமும் எழுதுவேன். சம்பளம் ஒன்றுதான்.

பெங்களூர் போனவர் எழுதி வைத்த முறையைச் சொல்கிறேன். இது புரியாவிட்டால் மற்றது புரியாது.

புரோகிராமில் எல்லாச் சாமானுக்கும் பொதுவாக ஒரு கிளாஸ், அதாவது ஒரு வார்ப்பு, இருந்தது. தூக்கு சாமான் என்று பெயர். நான் அதை அம்மா என்பேன். நம்பர், எந்தக் கம்பெனி, எத்தனை டன், எப்போது சோதித்தது. இதெல்லாம் எல்லாவற்றுக்கும் உண்டு. அதனால் அம்மாவிடம். செயினுக்குக் கூடுதலாகக் கண்ணியின் தடிமன் வேண்டும். ரோப்புக்கு எத்தனை கம்பி அறுந்திருக்கிறது என்று வேண்டும். பெல்ட்டுக்கு அகலமும் தையலும். இவை மூன்றும் பிள்ளைகள். அம்மாவிடம் உள்ளது பிள்ளைக்குத் தானாக வந்துவிடும். திரும்ப எழுத வேண்டியதில்லை.

ஆனால் கிளாஸ் என்பது மனசில் இருக்கிற கணக்கு. அழியாமல் வைக்க டேபிள், அதாவது அட்டவணை, வேண்டும். டேபிளுக்கு அம்மாவும் தெரியாது பிள்ளையும் தெரியாது. கட்டம் கட்டமாக நிற்கும், அவ்வளவுதான். அம்மாவையும் பிள்ளைகளையும் கட்டத்தில் உட்கார வைக்க மூன்று வழி உண்டு. எல்லாரையும் ஒரே பெரிய டேபிளில் போடலாம். அப்போது பெல்ட் வரியில் கண்ணித் தடிமன் கட்டம் காலியாகக் கிடக்கும். இல்லாவிட்டால் அம்மாவுக்கு ஒரு டேபிள், பிள்ளைகளுக்குத் தனித்தனி டேபிள் என்று வைத்து, ஒரே நம்பரால் கோத்துக்கொள்ளலாம். பெங்களூர் போனவர் செய்தது இது. மூன்றாவது வழியில் அம்மாவுக்கு டேபிளே கிடையாது. அம்மாவிடம் இருந்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தனிக்குடித்தனம் போய்விடும்.

பெல்ட் பட்டியல் கேட்டால் இரண்டு டேபிளைக் கோத்து எடுக்க வேண்டும். எங்களுடையது பழைய கம்ப்யூட்டர். சுற்றிக்கொண்டே இருக்கும். சார் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"என்னம்மா, இன்னும் சுத்துதா? நான் போய் கையால எழுதிட்டே வந்துடுவேன் போல."

எனக்கு அது தைக்கும். மூன்றாவது வழிக்கு மாற்றினேன். ரொம்ப வேலை இல்லை. அம்மா கிளாசுக்குள் ஒரு வரி. இதற்கு டேபிள் வேண்டாம் என்று சொல்லும் வரி. பழைய பதிவுகளை அதே நம்பரோடு அந்தந்தப் பிள்ளையின் டேபிளுக்கு ஏற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போனது. சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. திங்கட்கிழமை தொட்டவுடன் பட்டியல் வந்தது. சார் எல்லாருக்கும் டீ சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதுவும் என் யோசனைதான். முன்பெல்லாம் தகட்டில் நம்பரோடு டன்னையும் அடிப்போம். அடுத்த சோதனையில் டன் குறைந்தால் தகட்டைக் கழற்றிப் புதிதாக அடிக்க வேண்டும். நான் சாரிடம் சொன்னேன், நம்பர் மட்டும் போதும் என்று. டன்னை ஒரு வெப் பக்கத்தில் போட்டுவிடலாம். கம்பெனிக்காரர்கள் நம்பரைத் தட்டினால் டன் தெரியும். மாறினாலும் இங்கிருந்தே மாற்றலாம். சார் ஒத்துக்கொண்டார். கம்பெனிக்காரர்களும் சாமான் மாட்டி வைக்கும் சுவருக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டைத் தொங்கவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் வேலை செய்வது அப்படி ஒரு கம்பெனியில். செம்பரம்பாக்கம் பக்கம். இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிக்குப் பாகம் செய்கிறார்கள். தகடு பெரிய சுருளாக வரும். காயில் என்பார்கள். அதைக் கிரேனில் மாட்டிவிடுவதும் பக்கத்திலேயே நடந்து போய் இறக்குவதும் அவர் வேலை. அந்தப் பக்கத்தை முதலில் அவரிடம்தான் காட்டினேன்.

"எழுத்து ஏன்மே இவ்ளோ? கைல பெல்ட்ட புடிச்சிகினு, இது பெல்ட்டுனு படிக்கணுமா? டன்ன மட்டும் போடு. பெருசா போடு. எண்ணெ கையோட தூரத்துலேர்ந்து பாக்கற மாதிரி."

சரி என்று பட்டது. செயினா பெல்ட்டா என்பதை எடுத்துவிட்டேன். டன் மட்டும், திரை முழுக்க ஒரு எண்.

எல்லாம் தெரியவந்த அன்று காலை திருமுல்லைவாயில் வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேனுக்கு நேரம் இருந்தது.

"இப்ப வர்ற பெல்ட்டு எல்லாம் நோஞ்சானா வருதுமே," என்றார்.

"இன்னா?"

"மூணு விரல் அகலந்தான் கீது. மூணு டன்னு தாங்குதாம். உன் டப்பாதான் சொல்லுது."

டேப்லெட்டை அவர் டப்பா என்றுதான் சொல்வார்.

"டப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

"நீ சொன்னா சரி. இந்த இட்லி எத்தினி டன்னு?"

"துன்னுட்டுக் கெளம்புய்யா."

"எங்க செயினெல்லாம் உங்க ஷெட்டுலதான குந்திகினு கீது. சீக்கிரம் அனுப்பச் சொல்லு. ஒம்பது நாளா இந்தப் பெல்ட்டுலதான் காயில ஏத்திகினு கீறோம்."

போய்விட்டார். நான் தட்டைக் கழுவினேன். மூன்று விரல் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு ஷெட்டில் ஒரு பெல்ட்டை மேசையில் விரித்தேன். சோதனைக்கு வந்தது. அவர் கம்பெனிக்குப் போன பெல்ட்டின் அதே காவி நிறம், மலிவு ரகம். நிறத்தைப் பார்த்து டன்னைச் சொல்லும் கணக்கு உண்டு, இந்த ரகத்தில் அது கிடையாது. எல்லாம் ஒரே நிறம். அகலம் அளக்கும் முன் விரலை வைத்தேன். பழக்கம். மூன்று விரல்.

ஒரு டன் பெல்ட்.

மூன்று டன் பெல்ட் என் முழுக் கை அகலம் இருக்கும்.

காலையில் அவர் சொன்னது இப்போதுதான் உள்ளே இறங்கியது. அப்புறம் கம்ப்யூட்டருக்குப் போனேன். அவர் கம்பெனியின் பெல்ட் பட்டியலை எடுத்தேன். புதிதாகப் போனது ஒன்றே ஒன்று. நம்பர் 1152. டன் என்ற கட்டத்தில் 1 என்று இருந்தது. நல்லபடியாக இருந்தது. ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. பிறகு அவர் சுவரில் பார்க்கும் பக்கத்தைத் திறந்து 1152 என்று அடித்தேன்.

திரை முழுக்க 3.

மறுபடி அடித்தேன். 3.

செயின் டேபிளைத் திறந்தேன். அங்கேயும் ஒரு 1152 இருந்தது. வேறு ஏதோ கம்பெனியின் செயின். மூன்று டன்.

அப்போதுதான் தெரிந்தது. முன்பு நம்பர் கொடுத்தது அம்மா டேபிள். செயினோ பெல்ட்டோ, எது வந்தாலும் அடுத்த நம்பர் அவளிடமிருந்துதான் வரும். இரண்டு பேருக்கு ஒரே நம்பர் வராது. நான் அவளை எடுத்துவிட்டேன். பிள்ளைகள் ஒவ்வொன்றும் தன்னிடம் இருந்த கடைசி நம்பரிலிருந்து தானே எண்ண ஆரம்பித்தது. பழையதெல்லாம் சரி. மாற்றிய பிறகு வந்த புதுச் சாமான்தான் இரட்டை. தேடும் பக்கம் முதலில் செயினில் பார்க்கும், பிறகு ரோப்பில், கடைசியில் பெல்ட்டில். முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும். செயினை முதலில் எழுதியது நான். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை. கைக்கு முதலில் வந்தது.

பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குக் கேட்கவில்லை.

அவர் போனுக்கு அடித்தேன். அணைத்திருந்தது. உள்ளே போன் கொண்டுபோக முடியாது, கேட்டில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். கேட்டின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. செக்யூரிட்டி எடுத்தார்.

"அவர ஒடனே கூப்டுங்க சார்," என்று என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னேன். "தூக்குறத நிறுத்தச் சொல்லுங்க. பெல்ட்டு தப்பு."

"இன்னா பெல்ட்டு மேடம்? ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். கிரேன்ல மாட்டுற பெல்ட்டு. அறுந்துடும்."

"நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?"

"அம்பத்தூர்."

"அம்பத்தூர்ல குந்திகினு இங்க பெல்ட்டு அறுந்துடும்றீங்க. மேடம், நான் ஒராளுதான் கீறேன். கேட்ட உட்டு நகர முடியாது. லாரி நிக்குது. சூப்பர்வைசர் வந்தா சொல்றேன்."

வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

பக்கத்தை மாற்றினேன். எந்த நம்பர் அடித்தாலும் 0 என்று வரும்படி செய்தேன். விரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் விழுந்தது. செய்து முடித்துவிட்டு உட்கார்ந்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவர் பக்கத்தை ஒரே ஒரு தடவைதான் பார்ப்பார். பார்த்ததும் மார்க்கரால் பெல்ட்டின் மேலேயே எழுதிவிடுவார். அவர் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வரும் பெல்ட்டுகளில் அவர் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன். சிரித்திருக்கிறேன். இந்த ஒன்பது நாளில் அவர் அந்தத் திரையைத் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டார். நான் இங்கே 0 போட்டு என்ன, 1 போட்டு என்ன.

சார் வெளியே போயிருந்தார். போனில் சொன்னேன்.

"ரெண்டு 1152-ஆ? எப்படிம்மா வரும்?"

"நான் மாத்துனதுல சார்."

"யார்கிட்டயும் பேசாத. நான் வந்து பாக்குறேன். எதுவும் எழுதி அனுப்பாத."

"என் ஊட்டுக்காரர் அதுல தூக்கினு கீறாரு சார். நான் போறேன்."

அவர் ஏதோ சொன்னார். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டேன்.

வானகரம் வழியாகப் போனேன். சிக்னலில் நின்றேன். நிற்கும்போதுதான் கணக்கு ஓடும். புதுப் பெல்ட் எழுதியதைப் போலப் பல மடங்கு தாங்கும். அது எனக்குத் தெரியும், மிஷினில் தினமும் பார்க்கிறேன். ஒரு டன் பெல்ட்டில் இரண்டரை டன் காயிலைத் தூக்கினால் அன்றே அறுந்துவிடாது. ஆனால் காயிலின் ஓரம் பிளேடு மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஒன்பது நாள். ஒரு நாளைக்கு எத்தனை காயில் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை.

மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றாக வந்தன. எண்ண ஆரம்பித்தேன், விட்டுவிட்டேன். பூந்தமல்லி தாண்டும்போது சீட்டுக்கு அடியில் போன் அடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் தண்ணி லாரிக்காரன் திட்டிக்கொண்டே போனான். பெட்டியைத் திறக்கச் சாவி ஓட்டையில் போகவில்லை. போன் நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தேன், தெரியாத நம்பர். இப்படித்தான் வரும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் தெரியாத நம்பரிலிருந்துதான் கூப்பிடுவார்கள். திருப்பி அடித்தேன்.

"வணக்கம் மேடம். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்துல அருமையான பிளாட் வந்திருக்கு, ரோட்டு மேலயே..."

ரோட்டில் நின்று அழுதேன். ரொம்ப நேரம் இல்லை. முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கேட்டில் அதே செக்யூரிட்டி. குரல் தெரிந்தது.

"போன் பண்ணது நீங்களா? இன்னும் சூப்பர்வைசர் வரல மேடம்."

உள்ளேயிருந்து கிரேன் மணி கேட்டது. காயில் நகரும்போது அடிக்கும் மணி. நான் கேட்டுக்குள் நடந்தேன். பின்னால் அவர் கத்தினார். ஓடினேன்.

ஷெட் வாசலில் நின்றுவிட்டேன்.

காயில் மேலே இருந்தது. ஆள் உயரத்துக்கு. ஒரே ஒரு காவிப் பெல்ட். என் வீட்டுக்காரர் ஒரு கையைக் காயிலின் மேல் வைத்துக்கொண்டு, மாட்டைக் கூட்டிப்போகிற மாதிரி பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கிரேன் ஓட்டும் தம்பி ஒருவன், எங்கள் வீட்டுக்கு வந்து பழகியவன், கையில் ரிமோட்.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

கத்தினால் அவர் திரும்புவார். தம்பி பட்டனை விடுவான். கிரேன் சடக்கென்று நிற்கும். நின்றால் காயில் ஆடும். அறுபடத் தொடங்கிய பெல்ட் அந்த ஒரு குலுக்கலில்தான் போகும். நான் மிஷினில் எத்தனையோ அறுத்திருக்கிறேன். மெதுவாக இழுத்தால் முனகும். சடக்கென்று இழுத்தால் ஒன்றும் சொல்லாது, போய்விடும்.

கத்த முடியாது. ஓட முடியாது. நான் ஓடினால் பார்ப்பார்.

தம்பியின் கண்ணில் படும் இடத்துக்கு மெதுவாக நடந்தேன். அவன் என்னைப் பார்த்தான். சிரிக்க வாய் எடுத்தான். நான் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து, மெதுவாக இறக்கினேன். எல்லா ஷெட்டிலும் இறக்கு என்பதற்கு அதுதான் சைகை. கொஞ்சம், கொஞ்சம். அவன் முகம் மாறியது. என்ன ஏது என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை. கட்டைவிரலை மெல்ல அழுத்தினான்.

காயில் இறங்கியது. முட்டி உயரம். என் வீட்டுக்காரர், "டேய், இங்க இல்லடா, அப்பால," என்றார். என்னை இன்னும் பார்க்கவில்லை. தம்பி பேசவில்லை. ஒரு சாண். அவர் குனிந்து மரக்கட்டையை அடியில் தள்ளினார். அப்போது அவர் கை அதற்கடியில் இருந்தது. தலையும் பக்கத்தில். நான் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் நல்லது.

கட்டை மேல் உட்கார்ந்தது. பெல்ட் தளர்ந்தது.

"அண்ணி, இன்னாச்சு?" என்றான் தம்பி.

அவர் நிமிர்ந்தார். "இன்னாமே? ஊட்ல இன்னா? அம்மாவுக்கா?"

நான் பதில் சொல்லாமல் போய்ப் பெல்ட்டைப் பிடித்தேன். கொக்கியிலிருந்து கழற்றி உருவினேன். மேல் பக்கம் 3T என்று மார்க்கரில், அவர் கையெழுத்து. திருப்பினேன். காயில் ஓரம் படும் இடத்தில் நூல் நூலாக எழுந்து நின்றது. விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று விரலில் ஒன்றரை விரல்தான் மீதி இருந்தது.

"மூணு டன்னு இல்ல," என்றேன். "ஒரு டன்."

"டப்பால மூணுன்னு கீதே."

"டப்பா தப்பு. நான் தப்பா எழுதிட்டேன்."

அவர் பெல்ட்டை வாங்கினார். அறுந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பெல்ட்டைப் பார்த்தார். மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாத்தே, காலைலேர்ந்து இது நாலாவது," என்றான் தம்பி.

"மூணு விரலுன்னு எனக்கே தோணுச்சு," என்றார் அவர். "தோணுச்சு. நீ எழுதுனதுன்னு உட்டுட்டேன்."

திட்டியிருக்கலாம். அது மட்டும்தான் சொன்னார்.

சூப்பர்வைசர் வந்தார். யார் உள்ளே விட்டது என்று செக்யூரிட்டியைக் கேட்டார். பெல்ட்டைக் காட்டினேன்.

"உங்க சாஃப்ட்வேர் தப்புன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க மேடம். நாளைக்கு எங்க பசங்க மேல வரக்கூடாது."

சார் சொன்னது நினைவில் இருந்தது. பேப்பர் வாங்கி எழுதினேன். 1152 என்ற நம்பரில் இரண்டு சாமான் இருக்கிறது, மாற்றியது நான், சோதித்தவர் மேல் தப்பு இல்லை, தூக்கியவர் மேல் தப்பு இல்லை. கையெழுத்துப் போட்டேன். பெல்ட்டை நடுவில் இரண்டாக வெட்டச் சொன்னேன். தள்ளிய பெல்ட்டை வெட்டிப்போடுவதுதான் வழக்கம், யாரும் திரும்ப எடுத்து மாட்டிவிடக் கூடாது. என் வீட்டுக்காரர்தான் வெட்டினார். கத்தி மூன்று தடவை வழுக்கியது.

வேலை இன்னும் முடியவில்லை. எங்கள் ஷெட்டில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் போனில் சொல்லி இரட்டை நம்பர்களை எடுக்கச் சொன்னேன். நாற்பத்தொன்று. அதில் உள்ளதைவிடக் கூடுதல் டன் காட்டுபவை பதினான்கு. பதினான்கும் எந்தெந்தக் கம்பெனியில் என்று பட்டியல் அனுப்பினாள். கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது. செக்யூரிட்டி அதைத் துடைத்துக் கொடுத்தார். ஒரு பாட்டில் தண்ணியும் வைத்தார்.

"மன்னிச்சிக்கம்மா. நான் எதோ நெனச்சிட்டேன்," என்றார்.

"பரவால்ல," என்றேன்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் அடித்தேன். நம்பரைச் சொல்வேன், நிறுத்தச் சொல்வேன். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனை வைக்காமல் போவார்கள். அந்த இடைவெளியில் தூரத்தில் மணி கேட்கும், யாரோ கூப்பிடுவது கேட்கும், ஒன்றும் கேட்காமலும் இருக்கும். கோவில்பதாகை பக்கம் ஒரு ஷெட்டில் ஆறு நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர், "டீ குடிக்கப் போயிருந்தாங்க மேடம், இப்பதான் கேட்டேன்," என்றார். ஒரு ஷெட்டில் அந்தப் பெல்ட்டைப் பிரிக்காமலே பையோடு வைத்திருந்தார்கள். ஒரு ஷெட்டில் அதை மாட்டித் தூக்கி முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

சார் பன்னிரண்டு மணிக்கு அங்கேயே வந்தார்.

"எழுதியா குடுத்த?"

"குடுத்தேன் சார்."

என் முன்னால் நின்றார். கை இடுப்பில். வேலை போச்சு என்று நினைத்தேன். அன்று அது பயமாகவே இல்லை. அந்தப் பயத்துக்கு இடம் இல்லை.

"மீதி எத்தனை இருக்கு?"

"ஏழு சார்."

"பாதியக் குடு," என்று போனை எடுத்தார்.

நாலு மணிக்குப் பதினான்கும் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதும் ஒரு தடவை சிலுவை போட்டுக்கொள்கிறேன்.

அந்த வாரம் அம்மாவுக்கு டேபிளைத் திரும்பக் கொண்டுவந்தேன். நம்பர் அவளிடமிருந்துதான் வரும். இரட்டையான நாற்பத்தொன்றுக்கும் புது நம்பர் கொடுத்து, நானே போய்ப் புதுத் தகடு கட்டினேன். தகட்டில் மறுபடியும் டன்னை அடிக்கிறோம். வெப் பக்கத்தில் செயினா பெல்ட்டா என்று முதல் வரியிலேயே வரும். பட்டியல் பழையபடி சுற்றுகிறது. சார் பின்னால் வந்து நிற்பதில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் பத்து நாள் இதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாடு, மழை, அவர் அம்மாவின் முட்டி வலி, அவ்வளவுதான் பேச்சு. எனக்குத் தூக்கம் வராது. கண்ணை மூடினால் அவர் குனிந்து கட்டையைத் தள்ளுவது தெரியும்.

பதினோராம் நாள் காலை ஷூவை மாட்டிக்கொண்டு என் முன்னால் கையை நீட்டினார். உள்ளங்கையில் பால்பாயிண்டில் ஐந்து நம்பர். முந்தின நாள் சுவரிலிருந்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னிக்கு இதுங்கதான் தூக்கும். எத்தினி எத்தினின்னு சொல்லு."

போனை எடுத்தேன்.

"அது வாணாம். மிஷின்ல இழுத்தப்ப எழுதுன நோட்டு கீதில்ல, அதப் பாரு."

நோட்டின் நகலை நான் பையில் வைத்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. எடுத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் நம்பருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். வேன்காரன் ரோட்டிலிருந்து ஹாரன் அடிப்பான். அவர் நகரமாட்டார்.

இன்று காலை நாலாவது நம்பரில் நின்றேன். நோட்டில் தெளிவாக இருந்தது. இருந்தாலும் அதே நம்பர் இன்னொன்று இருக்கிறதா என்று விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு தடவை வந்தேன்.

"இன்னாமே, இல்லியா?"

"கீது. இரு."

மறுபடியும் மேலிருந்து வந்தேன்.